புரொஜெக்டர் பல்பு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் ஒரு கடையில் என் 16 எம்எம் புரொஜெக்டரின் எரிந்துபோன பல்பை நீட்டினேன். “இதே சாதனம்தான் அண்ணே” என்று கடைக்காரர், நகைக்கடை ஷோகேஸில் போடும் ஹாலஜன் பல்பை எடுத்து வைத்தார். அதே கண்ணாடிக் கிண்ணம், அதே இரண்டு கம்பி. சாக்கெட்டிலும் நன்றாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் ஒரு பளிச், அதோடு சரி. மெஷின் கொடுப்பது 24 வோல்ட். அது 12 வோல்ட் பல்பு.

வோல்ட் ஒத்துப்போயிருந்தாலும் படம் உருப்படியாகத் தெரிந்திருக்காது. ஷோகேஸ் பல்பின் கிண்ணம் வெளிச்சத்தை விரித்துவிடும். புரொஜெக்டர் பல்பின் கிண்ணமோ அத்தனை வெளிச்சத்தையும் சில சென்டிமீட்டர் தள்ளி, ஃபிலிம் ஓடும் சின்ன ஜன்னலில் குவிக்கும். சூட்டில் பெரும்பகுதியைப் பின்பக்கமாக வெளியே விடும் பூச்சும் அதில் உண்டு.

ஆகவே முகத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பின்னால் அச்சிட்டிருக்கும் மூன்று எழுத்தைப் பாருங்கள். இஎஃப்பி என்றால் 12 வோல்ட், 100 வாட். ஐரோப்பிய மெஷின்களில் இதையே ஏ1/231 என்று போட்டிருப்பார்கள். இஎஃப்ஆர் என்றால் 15 வோல்ட், 150 வாட். இரண்டுக்கும் கம்பி இடைவெளி 6.35 மில்லிமீட்டர்தான், மாற்றி மாட்டினாலும் ஏறும். வில்லங்கமே அதுதான். 12 வோல்ட் மெஷினில் இஎஃப்ஆர் அழுது வடியும். 15 வோல்ட் மெஷினில் இஎஃப்பி சீக்கிரம் போய்விடும். வோல்ட் 5 சதவீதம் கூடினாலே ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். இங்கே கூடுவது 25 சதவீதம்.

வாட்டைக் கூட்டினால் திருவிழாத் திரையில் பளிச்சென்று இருக்குமே என்ற ஆசை எனக்கும் வந்ததுண்டு. டிரான்ஸ்ஃபார்மர் காயும், ஃபிலிம் கொப்பளிக்கும். வேண்டாம்.

ஹாலஜன் குமிழை வெறும் விரலால் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

அப்புறம் நம் ஊர் உப்புக்காற்று. குளச்சல், முட்டம் பக்கம் வைத்திருக்கும் மெஷினில் சாக்கெட்டின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். 24 வோல்ட், 250 வாட் பல்பு 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். களிம்பேறிய சாக்கெட்டில் அந்தக் கரண்ட் ஓடினால் பல்பின் கம்பியே வெந்து கறுக்கும். நான் இரண்டு பல்பைக் காவு கொடுத்த பிறகுதான் அந்தப் பீங்கான் சாக்கெட்டை மாற்றினேன். பல்பு விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு.