வற்றல், ஊறுகாய், சின்னப் பிள்ளைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் மட்டக்களப்பு முற்றங்களில் மாங்காய் உதிரும். அதோடு எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளும் கூடும். கேட்பவர்கள் பெரும்பாலும் கைக்குழந்தையோ பாலர் பாடசாலைப் பிள்ளையோ உள்ள தாய்மார். கடைப் பக்கெற்றுகளைக் குறைத்துவிட்டு, நம் மண்ணில் அந்தந்தக் காலத்தில் விளைவதைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும், மிஞ்சுவதை மாரிக்கு எடுத்து வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. ஆனால் வருடா வருடம் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பழகும் காலத்தில் நானும் கால் வைத்த இடங்கள் என்பதால் எனக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

கையைக் கழுவு, போத்தலை அவி, ஈரக் கரண்டி போடாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும்.

பிள்ளை தின்பதற்கு முன் போத்தலை நிரப்புவது

பழம் வந்து குவிந்ததும் "இதை எப்படி எடுத்து வைக்கிற?" என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. அந்தப் பருவம் முழுக்கப் பிள்ளை அதைப் பழமாகவும் கறியாகவும் தின்று பழகவில்லை என்றால், மாரியில் நீங்கள் திறக்கும் போத்தலை அது திரும்பியும் பார்க்காது. ஆறு மாதம் முடிந்து உணவு ஊட்டத் தொடங்கும்போதே, அந்த மாதம் சந்தையில் எது குவிந்து கிடக்கிறதோ அதை மசித்துக் கொடுங்கள். மாரி வெள்ளாமை வெட்டிய கையோடு, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வரும் புது அரிசியில் கஞ்சி, பலா வரும் காலத்தில் நன்றாக அவித்து மசித்த பலாக்கொட்டை, அப்புறம் மாம்பழம், பனம்பழக் களி. முருங்கையிலை வருடம் முழுக்க இருக்கிறது.

ஒரு வீட்டில் விலாட் மாம்பழங்களை முற்றத்தில் அணில் கொத்திக்கொண்டிருந்தது. பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில் கப்பலில் வந்த அப்பிள் இருந்தது. அப்பிளில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணுக்கு வேண்டிய விற்றமின் ஏ சத்தாக மாறும் மஞ்சள் நிறப் பொருள் அப்பிளைவிட மாம்பழத்தில் எவ்வளவோ அதிகம். காசும் மிச்சம்.

மாரியில் வெயிலை நம்புவது

வேண்டாம். ஒக்டோபரிலிருந்து ஜனவரி முடியும்வரை உப்பு, தேசிப்புளி, வினாகிரி, அடுப்பு. அவ்வளவுதான்.

காய்ந்துவிட்டது என்று நினைத்து மூடுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். மாங்காய் வற்றல், கத்தரி வற்றல், பாகல் வற்றல், மோர்மிளகாய், வடகம் எல்லாவற்றையும் கெடுப்பது இது ஒன்றே. முக்கால்வாசி வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுக் கடைசி இரண்டு வெயிலுக்குப் பொறுமை இல்லாமல் மூடியைத் திருகிவிடுகிறார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தங்கச்சி. தாய் வீட்டிலிருந்து மூட்டையாக வந்த புளிமாங்காயை வெட்டி, உப்பில் போட்டு, தகரக் கூரையில் காயவைத்தாள். பார்க்க அழகாகச் சுருங்கி இருந்தது. ஒரு பின்னேரம் இறக்கிய சூட்டோடு மூடியுள்ள ஒரே பெரிய வாளியில் கொட்டி இறுக்கினாள். மழை தொடங்கிய பிறகு, மகனுக்குப் புளிக்கறி வைக்கத் திறந்திருக்கிறாள். "அக்கா, இஞ்ச பாருங்க, நல்லாத்தானே காய்ஞ்சது, மறுகா எப்படிப் பூத்த?" என்று வாளியோடு வந்தாள். மேலே வெள்ளைப் பூஞ்சணம், கீழே கறுப்பும் பச்சையும். வீட்டில் பெரியவர்கள் சுடுதண்ணீரில் கழுவித் திரும்பக் காயப்போடச் சொன்னார்களாம். "இவ்வளவையும் கொட்டச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். ஓம், கொட்டத்தான் சொன்னேன். அழுதுவிட்டாள். மாமரம் அடுத்த வைகாசி வரை திரும்பக் காய்க்கப் போவதில்லையே.

அவள் எங்கே தவறினாள் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தகரக் கூரை. நண்பகலில் தகரம் கொதிக்கும். தடித்த துண்டின் மேற்பக்கம் சட்டென்று இறுகித் தோல்போல் ஆகிவிடும். அந்தத் தோல் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே விடாது. கைக்கு முறுகலாக இருக்கும், நடுவில் ஈரம் இருக்கும். சுண்டுவிரல் பருமனுக்கு மேல் வெட்டாதீர்கள். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்கட்டும். பன்பாயையோ சுளகையோ நிலத்தில் வைக்காமல் வாங்கில், கயிற்றுக் கட்டில் என்று காற்று கீழாலும் ஓடுகிற இடத்தில் வையுங்கள். வற்றலைக் காயவைப்பதில் வெயிலுக்குப் பாதிப் பங்கு, காற்றுக்குப் பாதிப் பங்கு. கச்சான் காற்று நமக்குக் கிடைத்த பெரிய கொடை. மேலே பழைய நுளம்பு வலையைப் போட்டால் இலையானும் வராது.

பின்னேரம். எழுவான்கரையில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. வெயில் சாய்ந்ததும் காற்றில் ஈரம் ஏறும். உப்பிட்ட துண்டு அந்த ஈரத்தைக் குடித்துவிடும், ஏனென்றால் உப்பின் குணமே அது. இரவு வெளியில் கிடந்த வற்றல் முதல்நாள் வெயிலில் விட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. சூரியன் இறங்குவதற்கு முன்னமே உள்ளே எடுத்து, மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து, அடுத்த நாள் பனி காய்ந்த பிறகு திரும்பப் போடுங்கள்.

நாள் கணக்கு. காணொளிகளில் "3 நாள் போதும்" என்கிறார்கள். அது அவர்கள் ஊர் வெயில். காத்தான்குடிக் கடற்கரைப் பக்கத்துக்கும் கடலை விட்டு உள்ளே இருக்கும் மகாஓயாப் பக்கத்துக்குமே காயும் நாள் வேறுபடும். நாளை எண்ணாதீர்கள், துண்டைப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? சூடாக இருக்கும்போது எந்தத் துண்டும் மெத்தென்றுதான் இருக்கும். அதனால் சில துண்டுகளை நிழலில் ஆறவிடுங்கள். குவியலில் தடித்ததாகப் பார்த்து எடுங்கள். மெல்லியது எப்போதும் நல்ல செய்திதான் சொல்லும். நடுவால் ஒடியுங்கள். மாங்காய் வற்றல் மடங்காமல் டக்கென்று ஒடிய வேண்டும். ஒடித்த வாயை விரல்களுக்கு நடுவே அழுத்துங்கள். பிசுபிசுப்போ பளபளப்போ தெரிந்தால் இன்னும் வெயில் வேண்டும்.

அத்தோடும் முடியவில்லை. ஆறிய வற்றலைக் கண்ணாடிப் போத்தலில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் தளர்வாகப் போட்டு மூடி, ஒரு கிழமை கண் படும் இடத்தில் வையுங்கள். தினமும் ஒரு தடவை குலுக்குங்கள். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டினாலோ, கண்ணாடியின் உட்பக்கம் வியர்த்தாலோ எங்கோ ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். உடனே கொட்டித் திரும்ப வெயிலில் போடலாம், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இந்த ஒரு கிழமையைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டும். அந்தச் சொட்டு விழும் இடத்தில்தான் முதல் பூஞ்சணம் பிடிக்கும்.

கடைசியாக, ஒரே வாளி. சின்னப் போத்தல்களில் பிரித்து வையுங்கள். ஒன்று போனால் ஒன்றோடு போகட்டும்.

பூத்ததைச் சுரண்டி, கழுவி, வெயில் காட்டிப் பாவிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். கண்ணுக்குத் தெரிவது பூஞ்சணத்தின் தலை மட்டுமே; நார் உள்ளே ஓடியிருக்கும். செத்தல் மிளகாய், கச்சான் (நிலக்கடலை), சோளம், கொப்பறா போன்றவற்றில் பிடிக்கும் சில பூஞ்சணங்கள் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை விடுகின்றன. அது ஈரலைத் தாக்கும். அவித்தாலும் பொரித்தாலும் முழுதாக அழியாது. பெரியவர் தாங்கும் அளவைப் பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளை தாங்காது. காசு போனது போனதுதான், கொட்டிவிடுங்கள். கோழிக்கும் போடாதீர்கள், கோழியையும் அது கொல்லும்.

மலிந்த மீனில் கருவாடு போடுவது

கரைவலை நல்லாகப் பட்ட நாளில், விடியப் பிடித்த மீன் பின்னேரம் சந்தையில் கூறு கூறாக மலிந்து கிடக்கும். கல்முனைப் பக்கம் ஒரு தாய் அப்படி வாங்கிய கும்பளாவைக் கருவாடு போட்டு, பிள்ளைக்குப் பொரித்துக் கொடுத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் முகம் சிவந்து, வாயைச் சுற்றித் தடித்து, வாந்தி. மீன் ஒவ்வாமை என்று நினைத்து அதன்பின் மீனையே நிறுத்திவிட்டார்.

சூரை, கும்பளா போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் சதைக்குள் உண்டாகும். உண்டானால் உப்புக்கும் போகாது, வெயிலுக்கும் போகாது, எண்ணெய்ச் சட்டிக்கும் போகாது. நாற்றத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. அது உண்மையான ஒவ்வாமையா இதுவா என்று வைத்தியரிடம் கேட்காமல் பிள்ளைக்கு மீனை நிறுத்துவது இன்னொரு பிழை. கருவாட்டுக்கு வாங்குவதானால் தோணி கரைக்கு வரும்போதே வாங்குங்கள், வீட்டுக்கு வந்த கையோடு குடலை எடுத்து உப்பிடுங்கள். எடுத்து வைக்க வேண்டியது நல்ல சாமானை. கெடப்போவதை அல்ல.

எண்ணெய் காப்பாற்றும் என்று நினைப்பது

புளிப்பு உள்ள ஊறுகாய்க்கு மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுக்கும், சரி. ஆனால் புளியே இல்லாத உள்ளியை (வெள்ளைப்பூண்டை) எண்ணெயில் போட்டு மேசையில் வைப்பது ஆபத்து. மண்ணோடு வரும் ஒரு கிருமியின் வித்துக்கள் காற்றில்லாத, புளிப்பில்லாத இடத்தில்தான் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். பொட்டுலிசம் என்ற நோய் அதனால் வருவது. மணமும் மாறாது, நிறமும் மாறாது. உள்ளி எண்ணெய் செய்தால் குளிர்சாதனப்பெட்டியில் வைத்து 4 நாளுக்குள் முடியுங்கள்.

இதே காரணத்தால் மீன், இறைச்சி, பயறு, பலாக்கொட்டை எதையும் தண்ணீரோடு போத்தலில் அடைத்து, கொதிநீரில் அவித்து எடுத்து வைக்க வேண்டாம். அந்த வித்துக்கள் 100 டிகிரி கொதிநீரில் சாகாது. 121 டிகிரி வரை ஏற்றும் அழுத்தக் கருவி வேண்டும். நம் வீடுகளில் அது இல்லை. பலாக்கொட்டைக்கு நம்மவர்கள் கண்ட வழி காய்ந்த மணலில் புதைப்பது. அது போதும்.

தேன்

ஒரு வயது முடியும்வரை நாக்கில் தடவவும் கூடாது. காட்டுத்தேனும் தேன்தான். மேலே சொன்ன அதே வித்துக்கள்.

பிள்ளைக்காகச் சீனியைப் பாதியாக்குவது

விளாம்பழ ஜாமில் சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை. பழத்தில் உள்ள தண்ணீரைக் கிருமிக்குக் கிடைக்காமல் பிடித்து வைப்பது அதுதான். பழச்சதைக்குச் சமமான எடை சீனி போட்டு, கிட்டத்தட்ட 105 டிகிரி வரை காய்ச்சினால்தான் அலுமாரியில் நிற்கும். சீனியைப் பாதியாக்கிவிட்டு அதே அலுமாரியில் வைத்தால் கொஞ்ச நாளில் நுரைக்கும். குறைந்த சீனியில்தான் வேண்டுமென்றால் கொஞ்சமாகச் செய்து, குளிர்சாதனப்பெட்டியில் வைத்து, இரண்டு கிழமைக்குள் தின்று முடியுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஜாமே தேவையில்லை. விளாம்பழத்தைக் கரைத்து வடித்து, தேங்காய்ப்பால் கொஞ்சம் விட்டுக் கொடுங்கள்.

எல்லாருக்கும் ஒரே உப்பு

வளர்ந்தவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்தான் உப்பு என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் மூன்றும் ஒரே சோற்றுத் தட்டில் இருந்தால் பிள்ளை எங்கே போகும்? கருவாட்டை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, பிறகு கறி வையுங்கள். பிள்ளையின் பங்கை உப்புப் போடுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். ஒரு வயதுக்குள் உப்பே சேர்க்க வேண்டாம்.

திகதி எழுதாத போத்தல்

என்ன, எப்போது. ஒட்டி எழுதுங்கள்.

பிள்ளையை முற்றத்திலிருந்து விரட்டுவது

"போ அங்கால, குழப்பாத" என்று துரத்தினால் அந்தச் சாப்பாடு பிள்ளைக்குச் சொந்தமாகாது. மூன்று வயதுப் பிள்ளை வற்றலைப் புரட்டிவிடும், முருங்கையிலை உருவும், பூத்த துண்டு எது என்று சொல்லிக் கொடுத்தால் உங்களைவிட வேகமாகக் கண்டுபிடிக்கும். போத்தல் குலுக்கும் வேலையை அதனிடமே கொடுத்துவிடலாம், ஒருநாளும் மறக்காது. மிளகாயும் கத்தியும் மட்டும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். காய்ந்த துண்டுகளையும் முழுக் கச்சானையும் ஐந்து வயதுக்குள் வாயில் போட விடாதீர்கள், தொண்டையில் அடைக்கும். வற்றலைக் கறியில் மசிய அவித்துக் கொடுங்கள், கச்சானை இடித்துக் கொடுங்கள்.

ஜாம் காய்ச்சும் நாள் வேறு. கொதிக்கும் சீனிப்பாகு தோலில் ஒட்டிக்கொண்டு கொதிநீரைவிட ஆழமாகச் சுடும். அன்று பிள்ளையைப் பார்க்க வீட்டில் இன்னோர் ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் அடுப்பை மூட்டாதீர்கள், பழத்தை உடைத்துத் தின்னக் கொடுங்கள்.