30-க்கு 30 படப்புதிர்: வரையாட்டைக் கட்டத்துக்குள் கொண்டுவருவது எப்படி?

நோனோகிராம் என்பது ஓரத்து எண்களைக் கொண்டு கட்டங்களைக் கறுப்பாக்கிப் படத்தைக் கண்டுபிடிக்கும் புதிர். ஒவ்வொரு எண்ணும் அந்த வரிசையில் தொடர்ந்து கறுப்பாகும் ஒரு துண்டின் நீளம், இரண்டு துண்டுக்கு நடுவே குறைந்தது ஒரு காலிக் கட்டம். இந்த அடிப்படை விதி தெரியும், 10-க்கு 10 கட்டம் போட்டுப் பழகியாயிற்று என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் தாள். 5 மி.மீ. கட்டம் போட்ட ஏ4 தாளின் அகலத்தில் 42 கட்டம் அடங்கும். படத்துக்கு 30, இடப்பக்கம் எண்களுக்கு 8 போக ஓரம் மிஞ்சும். ஐந்து கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு கட்டாயம். இல்லாவிட்டால் எண்ணும்போது தவறும். எச்பி பென்சிலே போதும். ஊட்டி, கூடலூர் பக்கம் ஆடி மழையில் தாள் நமத்துவிடும், ரப்பர் பட்டால் நார் நாராக எழும். அதனால் அழுத்தாமல் குறியுங்கள். காலிக் கட்டத்துக்குப் பெருக்கல் குறியைவிடச் சின்னப் புள்ளி நல்லது.

தீர்க்கும்போது ஊகம் வேண்டாம், கணக்குப் போடுங்கள். 20 கட்ட வரிசையில் 7, 5, 3 என்று இருந்தால் கூட்டுத்தொகை 15, இடைவெளிக்கு 2, ஆக 17. மிச்சம் 3. எந்தத் துண்டு இந்த மிச்சத்தைவிடப் பெரியதோ, அதில் அந்த வித்தியாசத்தின் அளவு கட்டங்கள் உறுதி. 7-இல் நான்கு (4 முதல் 7 வரை), 5-இல் இரண்டு (12, 13). 3-இல் எதுவும் இல்லை. பெரிய புதிரில் மிச்சம் அதிகமாக இருப்பதால் பாதி வரிசைகளில் இது பலிக்காது. அங்கே நடுவில் முட்டிக்கொண்டிருக்காமல் ஓரங்களிலிருந்து உள்ளே வாருங்கள்.

இனி வடிவமைப்பு. வரையாடு இதற்கு அருமையான உருவம். உடல் ஒரு வரிசையில் 22 கட்டம் வந்தால் மிச்சம் 8, எடுத்த எடுப்பில் 14 கட்டம் உறுதியாகிவிடும். தீர்ப்பவருக்கு இப்படி ஒரு பிடி கொடுத்தே ஆக வேண்டும். வளர்ந்த கிடாயின் முதுகில் இருக்கும் வெளிர் திட்டை வெள்ளையாக விட்டால் அந்த வரிசைகள் இரண்டு துண்டாகிச் சுவை கூடும்.

சிக்கல் எப்போதும் மூலைவாட்டில்தான். காலடியில் புல் என்று இரண்டு தனிப் புள்ளிகளை மூலைவாட்டில் வைக்கிறீர்கள். அந்த இரு குறுக்கு வரிசைகளிலும் இரு நெடுக்கு வரிசைகளிலும் வேறு எதுவும் இல்லையென்றால் எல்லா எண்ணும் 1. புள்ளிகளை எதிர் மூலைவாட்டில் போட்டாலும் அதே எண்கள்தான்! புதிருக்கு இரண்டு விடை, அதாவது புதிர் கெட்டது. மூன்றாவதாக ஒரு மூலையையும் கறுப்பாக்கினால் எண்கள் 2, 1 என்று பிரிந்து விடை ஒன்றாகும்.

கோட்டைத் தடிமனாக்கினால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். வரிசைக்கு இரண்டு கட்டமாகப் படிபோல இறங்கும் சாய்கோடு தனியாக நின்றால், எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடும் அச்சாக அதே எண்களையே தரும். வரையாட்டின் கொம்பு அப்படிப்பட்ட கோடுதான். கொம்பைத் தலையோடு சேர்த்து வரையுங்கள். அதன் நெடுக்கு வரிசைகள் கீழே உடலிலும் தொட்டுக்கொண்டிருந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தோடர் பூத்தையலின் சாய்சதுரங்களைப் பார்த்து வரைய ஆசைப்படுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாகச் சோதனை. எண்களை மட்டும் வேறு தாளில் எழுதித் தீர்த்துப் பாருங்கள். படம் மனதில் இருப்பதால் கை தானாக நிரப்பப் பார்க்கும். ஒவ்வொரு கட்டத்தையும் எந்த வரிசை கட்டாயப்படுத்தியது என்று சொல்ல முடிய வேண்டும். கணினியில் சோதிப்பதானால் ஒரு விடை கிடைத்ததும் நின்றுவிடும் நிரல் உதவாது, இரண்டாவது விடையையும் தேடுவதாக இருக்க வேண்டும். வரைவதற்கு மட்டும் மொபைல் வேண்டாம், முழுப் படமும் ஒரே பார்வையில் தெரியாது.

பிற்சேர்க்கை: எண்களைப் படியெடுக்கும்போது பிழை வருகிறது என்பவர்களுக்கு. குறுக்கு எண்கள் அத்தனையின் கூட்டுத்தொகையும் நெடுக்கு எண்களின் கூட்டுத்தொகையும் சமமாக இருக்க வேண்டும். இரண்டுமே கறுப்புக் கட்டங்களின் மொத்தம்தானே. சமமாக இல்லையென்றால் எங்கோ ஓர் எண் தவறியிருக்கிறது. தடித்த கோட்டைத் தாண்டிப் போகும் துண்டை இரண்டாக எழுதிவிடுவதும் சகஜம். அதில் கூட்டுத்தொகை மாறாது என்பதால், தொகை சரியாக இருந்தாலும் அந்த இடங்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.