கடலோரத்தில் பழைய செவர்லே கூபே வாங்கப் போகிறவர்களுக்கு

சீரமைத்த அமெரிக்கக் கார் நம் ராமநாதபுரம் பக்கம் விலைக்கு வருவது அபூர்வம். அதுவும் இரண்டே கதவு வைத்த கூபே என்றால், பார்த்தவுடன் முன்பணம் கொடுக்கக் கை துறுதுறுக்கும். நான் டிங்கரிங் வேலை செய்கிறவன். விசைப்படகுக்கும் வெல்டிங் வைத்திருக்கிறேன், பழைய கார்களுக்கும் தகடு மாற்றியிருக்கிறேன். என்னைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: பெயிண்டைக் கடைசியில் பார்க்கலாம், மூடியிருக்கிற இடங்களை முதலில் திறக்கச் சொல்லுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மண்டபத்திலும் பாம்பனிலும் உப்பு எங்கே போய் உட்காரும் என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். காருக்கும் அதே கதிதான்.

பேச்சுக்கு ஒரு 1947 செவர்லே ஸ்டைல்மாஸ்டர் கூபே என்று வைத்துக்கொள்வோம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்தே பம்பாய் சிவ்ரியில் பாகங்களைப் பூட்டிக் கார் செய்தது. அதனால் அக்காலச் செவர்லே இங்கே கிடைத்தால் பெரும்பாலும் வலப்பக்க ஸ்டீயரிங்காகத்தான் இருக்கும். கூபேயில் இரண்டு வகை உண்டு. ஸ்போர்ட் கூபேயில் பின்னாலும் சீட் இருக்கும். பிசினஸ் கூபேயில் முன் சீட் மட்டும்தான், பின்னால் சாமான் வைக்கிற இடம். பின் சீட் இல்லை என்பதை மட்டும் வைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காலையில் போங்கள். வெயில் சாய்வாக விழும்போது பின் மட்கார்டு பக்கம் குனிந்து, உடம்பு நெடுக ஒரே கோட்டில் பாருங்கள். அலை அலையாகத் தெரிந்தால் அடியில் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பசை, கனமாக இருக்கிறது. ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ் ஓரம், மட்கார்டின் வளைவு, டிக்கியின் அடிப்பக்கம் என்று ஒவ்வொரு இடமாக வையுங்கள். பிடிக்காமல் நழுவுகிற இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. மெல்லிய பட்டி எல்லா நல்ல வேலையிலும் இருக்கும். உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம் பிடிக்கவில்லை என்றால் அங்கே ஓட்டையையோ பெரிய ஒடுக்கையோ மூடியிருக்கலாம்.

அடுத்தது கதவு. கூபேயின் கதவு நான்கு கதவுக் காரின் கதவைவிட நீளமும் கனமும் அதிகம், அதனால் கீல் முள் சீக்கிரம் தேயும். பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் கண்டால் முள் மாற்ற வேண்டும், அது சின்னச் செலவு. கதவைச் சாத்தும்போது பூட்டு தானாக விழாமல் தூக்கி அழுத்த வேண்டியிருந்தால், கீலைத் தாண்டிக் கீல் தூணையும் பார்க்க வேண்டும். தூணின் அடி துருத்திருந்தால் அது பெரிய வேலை.

கதவுக்கு அடியில் தண்ணீர் வடியச் சிறு ஓட்டைகள் இருக்கும். பெயிண்ட் அடித்தவர்கள் அவற்றை அடைத்துவிடுவது வழக்கம். ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். உதிர்ந்து வருவது மணலா, துருத் தூளா என்று கையில் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கதவுப்படிக்கு உள்ளே இருக்கிற பெட்டி, தரை விரிப்புக்கு அடி, ஸ்டெப்னி வைக்கிற இடம் எல்லாவற்றிலும் இதே சோதனைதான். விரிப்பைத் தூக்க உரிமையாளர் தயங்கினால் அன்றைக்கு விலை பேசாதீர்கள். வண்டியைப் பட்டறையில் தூக்கி நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். அடியில் தார் மாதிரிக் கறுப்பு மருந்து புதிதாகக் கனமாக அடித்திருந்தால் நான் சந்தேகப்படுவேன். துருவை எடுக்காமல் அதன் மேல் அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று தகட்டைத் தின்னும்.

1937-க்கு முந்தைய செவர்லே என்றால் இன்னொரு பாடும் இருக்கிறது. அவற்றின் உடம்புக்குள் மரச்சட்டம் உண்டு. அது உளுத்தால் தகடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கதவு நிற்காது. கடலோரத்தில் காரை நிறுத்தப் போகிறவர் முழு இரும்பு உடம்பாகவே பார்த்து வாங்குவது நல்லது.

எஞ்சினுக்கு வருவோம். நீங்கள் போகும்போது பானெட் குளிர்ந்திருக்க வேண்டும். முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது. நாம் பேசுகிற 1947 காரில் இருப்பது 216 கன அங்குல ஆறு சிலிண்டர், 90 குதிரைத்திறன். கனெக்டிங் ராடு பேரிங்குகளுக்கு ஆயில் இன்றைய எஞ்சின்களில் போல முழு அழுத்தத்தில் போகாது. தொட்டியிலிருந்து அள்ளியும் பீய்ச்சியும் போகும். அதனால் ஆயில் கேஜ் குறைவாகக் காட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அந்த கேஜே 30 பவுண்ட் வரைக்கும்தான். பயப்பட வேண்டியது சத்தத்துக்கு. ஓட்டும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கீழிருந்து டக் டக்கென்று வந்தால் ராடு பேரிங் போயிருக்கிறது. அது ஒயிட் மெட்டல் என்கிற மென்மையான உலோகக் கலவையை வார்த்த பேரிங், கடையில் புதிதாக வாங்கிப் போட முடியாது. வார்த்துக் கடைகிற ஆளைத் தேட வேண்டும்.

ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த எஞ்சினில் திறந்து, வாய்க்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். நம் மாவட்டத்தில் இதை விடவே கூடாது. உவர் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டியென்றால் வெள்ளைப் படிவு கையில் வரும். அதே படிவு எஞ்சின் பிளாக்குக்குள்ளும் இருக்கும். அப்படிப்பட்ட வண்டி கீழக்கரையில் நின்று ஓடும்போது சரியாக இருக்கும், தேவிபட்டினம் திருவிழாக் கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது கொதிக்கும்.

மின்சாரம் ஆறு வோல்ட். வோல்ட் பாதி என்றால் அதே வேலைக்குக் கரண்ட் இரண்டு மடங்கு ஓட வேண்டும், அதனால் பேட்டரி கேபிள் தடிமனாக இருப்பது கட்டாயம். இன்றைய கார் கேபிளைப் போட்டுவிட்டு "செல்ஃப் வீக்" என்று சொல்வார்கள். எர்த் கேபிள் உடம்பில் சேருகிற இடத்தைக் கழற்றிப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் உப்புக் காற்றின் வேலை, சுரண்டி இறுக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றியிருந்தால் டைனமோ, கேஜ், பல்பு எல்லாம் சேர்த்து மாற்றினார்களா என்று கேளுங்கள்.

கியர் ஸ்டீயரிங் தண்டில் இருக்கும், மூன்று கியர். எஞ்சின் ஓடும்போது அது காற்றை உறிஞ்சுவதால் வருகிற வாக்குவத்தின் (வெற்றிடத்தின்) உதவியால் விரலால் தள்ளினாலே விழ வேண்டும். மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் எங்கோ காற்று கசிகிறது. பின் ஆக்ஸிலில் ஆயில் அளவுக்கு மேல் நிறைந்திருந்தால் கியர் பாக்ஸ் ஆயில், ஆக்ஸிலுக்குப் போகிற மூடிய தண்டு வழியே பின்னால் இறங்குகிறது என்று அர்த்தம்.

டயர் அளவு 6.00-16. டிராக்டர் முன் சக்கரத்துக்கும் இதே அளவு உண்டு என்பதால் சிலர் அதையே போட்டு விற்கிறார்கள். நெடுக வரி வரியாக ஓடுகிற டயராக இருந்தால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள், அந்த டயரோடு வேகம் எடுக்காதீர்கள்.

ஓட்டிப் பார்க்க மேடு வேண்டும், நம் ஊரோ சமதரை. 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றம்தான் கிடைக்கும். விடியற்காலையில், சுற்றுலா வண்டிகள் வருவதற்கு முன் போங்கள். ஏறும்போது இழுவை, இறங்கும்போது பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போக ஆசை வரும். அன்றைக்கு வேண்டாம், மணலும் சாரலும் சேர்ந்து கழுவாத அடிப்பாகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

குரோமில் ஒரு விஷயம். பம்பர் இரும்பு, மறுபடி முலாம் பூசலாம். பானெட் பொம்மை போன்றவை துத்தநாக வார்ப்பு. அதில் கொப்புளம் வந்தால் உள்ளேயே அரித்திருக்கும், முலாம் நிற்காது. இவை கிடைப்பது கடினம், விலை பேசும்போது நினைவில் வையுங்கள்.

எல்லாம் சரி, அப்புறம் காகிதம். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற சேஸிஸ், எஞ்சின் எண்களை வண்டியில் அடித்திருக்கிற எண்ணோடும் எஞ்சினோடும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இடையில் டீசல் எஞ்சின் மாற்றி ஓட்டிய வண்டிகள் பல உண்டு. 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், உடம்பு, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். அப்படிப் பதிந்த வண்டியை தினசரி வேலைக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அதைத் தெரிந்து வாங்குங்கள்.

வாங்கியபின் அடிப்பாகத்தைக் கழுவக் காவிரிக் குடிநீரையே எடுங்கள், கிணற்று நீர் காய்ந்தால் உப்புதான் மிஞ்சும். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், பருத்தித் துணி போதும். கதவுக்குள்ளும் படிப் பெட்டிக்குள்ளும் மெழுகு கலந்த துருத் தடுப்பு எண்ணெயை மழைக்காலத்துக்கு முன் பீய்ச்சுங்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர் குழாய்களை உடனே மாற்றுங்கள். விண்டேஜாகப் பதிந்த வண்டியென்றால், விற்றவரும் வாங்கியவரும் 90 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.