வால்வு போட்ட காரில் பிரேக் பிளீடிங்

பின் பிரேக் லைனில் அட்ஜஸ்டபிள் ப்ரொப்போர்ஷனிங் வால்வு (பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு) மாட்டியதும் என் காரில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. லைனில் காற்று. அதை வெளியேற்றுவதுதான் பிளீடிங். முதல் வேலையாக வால்வின் நாபைப் பின்சக்கரங்களுக்கு முழு அழுத்தம் போகும் பக்கம் திருகி வைத்தேன். இது ரொம்ப முக்கியம். புது டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்ததும் ஆயிலை லைனுக்குள் தள்ளும் பாகம்) தூரமான சக்கரத்தில் தொடங்கினேன். தம்பி பெடலை மெதுவாக மிதித்துப் பிடிப்பான். நான் சக்கரத்தின் பிரேக்கில் காற்று வெளியேறும் சிறு திருகான நிப்பிளைத் தளர்த்தி, அவன் காலை எடுக்கும் முன்பே இறுக்கிவிடுவேன். நிப்பிளில் மாட்டிய குழாயில் குமிழி வருவது நின்ற பிறகும் பெடல் சரியாகவில்லை. அப்புறம் ஸ்பேனர் பிடியால் வால்வின் மேல் லேசாகத் தட்டினேன். உள்ளே ஒட்டியிருந்த காற்று பொடிப்பொடியாக வெளியே வந்தது, பெடல் கெட்டியானது. கடைசியில் பின் அழுத்தத்தை நன்றாகக் குறைத்து, ஆளில்லாத சாலையில் பிரேக் போட்டுப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். முன்சக்கரம்தான் முதலில் லாக் ஆக (சுழலாமல் நிற்க) வேண்டும். பின்சக்கரம் முந்தினால் வண்டி சுழன்றுவிடும்.