மோட் போட்ட மைன்கிராஃப்ட் முதல் தடவை ஆடப் போறீங்களா? இன்ஸ்டால்ல இருந்து முதல் மெஷின் வரைக்கும்

மோட்னா கேம்ல இல்லாத புது பொருள், மெஷின் எல்லாம் சேக்குறதுக்கு ஆடுறவங்களே எழுதுற ஆட்-ஆன். சும்மா மைன்கிராஃப்ட் ஆடி பழகிட்டு, ஏதாவது ஒரு வீடியோல பல்சக்கரம் சுத்துற ஃபேக்டரிய பாத்துட்டு "இது நம்ம கேம்ல எப்படி வரும்"னு தேடி வர்றவங்க நிறைய பேர், அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். இதுல அடிக்கடி நடக்குறது என்னன்னா, முதல் நாளே நானூறு மோட் இருக்குற பெரிய மோட்பேக்க இறக்கிடுவாங்க, உள்ள போனா ஐட்டம் லிஸ்ட் மட்டுமே பக்கம் பக்கமா ஓடும், எதத் தொடுறது எத விடுறதுன்னு தெரியாது, ரெண்டு நாள்ல மூடி வச்சிட்டு "இது நமக்கு செட் ஆகாது"ன்னு போயிடுவாங்க. எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம், ஏன்னா அதே ஆளுங்க எட்டு பத்து மோட்ல ஆரம்பிச்சிருந்தா இப்ப பெரிய பேக்கையே ஆடிட்டு இருப்பாங்க. அதனால இங்க சின்னதாதான் ஆரம்பிக்கப் போறோம்.

படி 1: எந்த எடிஷன், எந்த வெர்ஷன்

நமக்கு வேண்டியது ஜாவா எடிஷன். போன்லயும் கன்சோல்லயும் ஓடுற பெட்ராக் எடிஷன்ல இந்த மோடு எதுவும் ஓடாது. 2022 ஜூன்ல இருந்து கம்ப்யூட்டருக்கு வாங்கினா ஜாவாவும் பெட்ராக்கும் சேர்ந்தே வருது, அதனால ஏற்கனவே வாங்கி வச்சிருந்தா உங்ககிட்ட ஜாவா எடிஷன் இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க.

மோட் தானா ஓடாது, அத கேமுக்குள்ள ஏத்தி விட ஒரு மோட் லோடர் வேணும். ஃபோர்ஜ், ஃபேப்ரிக், 2023ல ஃபோர்ஜ்ல இருந்து பிரிஞ்சு வந்த நியோஃபோர்ஜ், இதுங்கதான் முக்கியமானது. ஒரு மோட் எந்த லோடருக்கு எழுதினதோ அதுலதான் ஓடும், எந்த கேம் வெர்ஷனுக்கு எழுதினதோ அந்த வெர்ஷன்லதான் ஓடும், இந்த ரெண்டும் பொருந்தலன்னா கேம் திறக்கவே திறக்காது. புதுசா வர்றவங்களுக்கு வர்ற பிரச்சனைல முக்கால்வாசி இங்கதான்.

நான் சொல்றது 1.20.1 வெர்ஷன், ஃபோர்ஜ் லோடர். இதவிட புது வெர்ஷன் இருக்கேன்னு கேப்பீங்க, இருக்கு, ஆனா மோட் எழுதுறவங்க எல்லாரும் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் உடனே மாத்தி எழுத மாட்டாங்க. 1.20.1க்கு நல்ல மோட் குவிஞ்சு கிடக்கு, ஏதாவது சிக்கல்னு தேடினாலும் பதில் கிடைக்கும். இந்த வெர்ஷன் ஓட கம்ப்யூட்டர்ல ஜாவா 17ங்கற சாஃப்ட்வேர் வேணும் (ஜாவா எடிஷன் வேற, இது வேற). 1.20.5ல இருந்து ஜாவா 21 கேக்கும், அத மாத்தி போட்டுட்டு முழிக்காதீங்க.

படி 2: லாஞ்சர்

கேமோட சொந்த லாஞ்சர்லயும் செய்யலாம், ஆனா நான் பிரிஸம் லாஞ்சர்தான் சொல்லுவேன். காரணம் ஒண்ணே ஒண்ணு, அதுல ஒவ்வொரு செட்டப்பும் இன்ஸ்டன்ஸ்னு தனித்தனி ஃபோல்டரா இருக்கும், ஒண்ணு கெட்டுப்போனாலும் மத்தது பத்திரமா இருக்கும். இறக்கி, உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணிட்டு, ஆட் இன்ஸ்டன்ஸ் போய் 1.20.1 தேர்ந்தெடுத்து, அதே விண்டோல ஃபோர்ஜையும் டிக் பண்ணி ஓகே குடுங்க. மோட் எதுவும் போடாம ஒரு தடவை லாஞ்ச் பண்ணி மெயின் மெனு வருதான்னு பாருங்க. இத தாண்டிப் போகாதீங்க, அப்புறம் ஏதாவது உடைஞ்சா ஃபோர்ஜா மோடான்னு தேட வேண்டிய வேலை மிச்சம்.

அடுத்து செட்டிங்ஸ்ல ஜாவா பகுதிக்கு போய் மெமரிய மாத்துங்க. நாம போடப்போற சின்ன லிஸ்டுக்கு 4 ஜிபி தாராளம், பெரிய பேக்குக்கு போகும்போது 6ல இருந்து 8 ஜிபி. நிறைய குடுத்தா வேகமா ஓடும்னு நெனச்சு இருக்குற ரேம் முழுசையும் தூக்கி குடுத்துடாதீங்க, விண்டோஸுக்கே மூச்சு விட இடம் இருக்காது, ஜாவாவும் குப்பைய மொத்தமா சேத்து வச்சு க்ளீன் பண்ணும்போது கேம் அப்பப்ப நின்னு நின்னு போகும்.

படி 3: மோட் போடுறது

இன்ஸ்டன்ஸ எடிட் பண்ணி, மோட்ஸ், அப்புறம் டவுன்லோட் மோட்ஸ். அங்கயே தேடி எடுக்கலாம். என்னோட லிஸ்ட் இதுதான்: ஜஸ்ட் எனஃப் ஐட்டம்ஸ் (எத எப்படி செய்யறதுன்னு காட்டும்), ஜேட் (பாக்குற பிளாக் என்னன்னு சொல்லும்), ஜீரோஸ் மினிமேப், சோஃபிஸ்டிகேட்டட் பேக்பேக்ஸ், வேஸ்டோன்ஸ் (ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு தாவ), ஃபார்மர்ஸ் டிலைட் (சமையல்), கிரியேட் (பல்சக்கரம் சுத்துற அந்த மெஷினுங்க இதுலதான்). கூடவே கேம் லேசா ஓட எம்பெடியம், ஃபெரைட்கோர், மாடர்ன்ஃபிக்ஸ். அவ்வளவுதான்.

சில மோட் தனியா நிக்காது, இன்னொரு லைப்ரரி மோட் கூட வேணும். வேஸ்டோன்ஸுக்கு பாம்னு ஒண்ணு வேணும், பேக்பேக்ஸுக்கு சோஃபிஸ்டிகேட்டட் கோர் வேணும். பிரிஸம் இதையெல்லாம் தானா கேட்டு இறக்கிக்கும், மோடோட ஜார் ஃபைல தனியா இறக்கி கையால போடுறவங்கதான் கவனமா இருக்கணும்.

ஜார் ஃபைல்னு சொன்னதும் இத சொல்லியே ஆகணும். மோட்ங்கறது உங்க கம்ப்யூட்டர்ல ஓடுற முழு ப்ரோக்ராம். 2023 ஜூன்ல ஃப்ராக்சரைசர்னு ஒரு மால்வேர் மோடுக்குள்ள ஒளிஞ்சு பரவிச்சு, பாஸ்வேர்ட் எல்லாம் திருடுற ரகம். அதனால மோடோட அதிகாரப்பூர்வ பக்கம் தவிர வேற எங்கயும், முக்கியமா தேடினா முதல்ல வர்ற ரீ-அப்லோட் சைட்ல இருந்து, எடுக்கவே எடுக்காதீங்க.

படி 4: கீய சரி பண்ணுங்க

யாரும் சொல்லித் தராத படி இது. பேக்பேக் திறக்கறதுக்கு பி கீ, மினிமேப்ல புது வேபாயின்ட், அதாவது ஒரு இடத்துக்கு அடையாளக் குறி, போடவும் அதே பி கீ. பேக்பேக் திறக்கலாம்னு அமுக்கினா மேப் விண்டோ வந்து நிக்கும், கேம் கெட்டுப்போச்சுன்னு நெனப்பீங்க. ஆப்ஷன்ஸ்ல கன்ட்ரோல்ஸ் போய் கீ பைன்ட்ஸ் லிஸ்ட்ட ஒரு தடவை முழுசா உருட்டிப் பாருங்க, மோதுற கீ பெரும்பாலும் சிவப்புல தெரியும், அதுல ஒண்ண உங்களுக்கு வசதியான வேற கீக்கு மாத்திடுங்க. எவ்வளவு தூரம் வரைக்கும் கேம் காட்டணும்ங்கற ரெண்டர் டிஸ்டன்ஸ 8ல வச்சு ஆரம்பிங்க.

படி 5: முதல் நாள்

இது உங்களுக்கு தெரிஞ்ச கதைதான், சுருக்கமா சொல்லிடுறேன். ஒரு முழு நாள் நிஜ நேரத்துல 20 நிமிஷம், அதுல வெளிச்சம் பத்து நிமிஷம் சொச்சம். மரம், கிராஃப்டிங் டேபிள், மர பிக்காக்ஸ், உடனே கல் பிக்காக்ஸ், ஃபர்னஸ், டார்ச். ஆடு கண்ணுல பட்டா மூணு கம்பளி எடுத்து படுக்கை செஞ்சிடுங்க. 1.18க்கு அப்புறம் பேய்ங்க வெளிச்சம் முழு சைபரா இருக்குற இடத்துலதான் பொறக்கும், அதனால முன்ன மாதிரி நெருக்கி நெருக்கி டார்ச் வைக்க வேண்டாம். வீட்டுக்கு ஒரு வேபாயின்ட் மட்டும் மறக்காம போட்டுடுங்க. வெளிய எங்கயாவது செத்துட்டீங்கன்னா பொருள் 5 நிமிஷம்தான் கீழ கிடக்கும், செத்த இடம் மினிமேப்ல தெரிஞ்சா ஓடிப்போய் எடுத்துடலாம்.

அப்புறம் இரும்பு. எஃப் 3 அமுக்கி ஒய் நம்பர பாருங்க, 16 பக்கத்துல சுரங்கம் வெட்டினா இரும்பு நல்லா கிடைக்கும். கிரியேட் மோட் ஆரம்பத்துல முழுக்க இரும்ப நம்பித்தான் இருக்கு, ஒரு இருபது கட்டி (இங்காட்) சேர்ற வரைக்கும் மேல வராதீங்க. போற வழில ஆன்டிசைட்னு சாம்பல் நிறத்துல புள்ளி புள்ளியா ஒரு கல்லு வரும், சாதா கேம்ல எரிச்சலா தூக்கி எறிவோமே அதேதான், ஒரு ஸ்டாக் எடுத்து வைங்க.

படி 6: ஆர் கீயும் யூ கீயும்

மோட் மைன்கிராஃப்ட்ல எதையும் மனப்பாடம் பண்ண வேண்டாம், இந்த ரெண்டு கீ தெரிஞ்சா போதும்னு நான் அடிச்சு சொல்லுவேன். இன்வென்டரிய திறந்தா வலது பக்கம் ஐட்டம் லிஸ்ட் இருக்கும், ஜஸ்ட் எனஃப் ஐட்டம்ஸ் காட்டுறது அது. ஒரு ஐட்டம் மேல மவுஸ வச்சு ஆர் அமுக்கினா அத எப்படி செய்யறதுன்னு வரும், யூ அமுக்கினா அத வச்சு என்னென்ன செய்யலாம்னு வரும். தேடுற பெட்டில அட் குறி போட்டு மோட் பேர டைப் பண்ணா அந்த மோடோட ஐட்டம் மட்டும் நிக்கும்.

நம்ம இலக்கு கிரியேட்ல இருக்குற மெக்கானிக்கல் பிரஸ், இரும்ப அடிச்சு தட்டையாக்குற மெஷின். அது மேல ஆர் அமுக்குங்க. மேல ஒரு ஷாஃப்ட் (சுத்துற தண்டு), நடுவுல ஆன்டிசைட் கேசிங், கீழ ஒரு இரும்பு பிளாக். இரும்பு பிளாக் ஒன்பது கட்டி, அது தெரியும். ஷாஃப்ட க்ளிக் பண்ணுங்க, ஆன்டிசைட் அலாய் ரெண்டு வச்சா எட்டு ஷாஃப்ட் வரும். கேசிங்க க்ளிக் பண்ணுங்க, அது டேபிள்ல செய்யறது இல்ல, பட்டை உரிச்ச மரக்கட்டை மேல அலாய் வச்சு ரைட் க்ளிக் பண்ணணும், பட்டை உரிக்க கோடாரியால ஒரு ரைட் க்ளிக். அலாய க்ளிக் பண்ணுங்க, ஆன்டிசைட் ரெண்டு, இரும்பு நக்கட் ரெண்டு. ஒரு கட்டிய உடைச்சா ஒன்பது நக்கட். பாத்தீங்களா, புரியாத பேரா இருந்த ஒரு மெஷின் நாலு க்ளிக்ல கல்லு, மரம், இரும்புன்னு உங்க செஸ்ட்ல இருக்குற பொருளா இறங்கி வந்துடுச்சு. எந்த மோடா இருந்தாலும் வழி இதுதான், கடைசி பொருள்ல இருந்து பின்னாடி நடந்து வாங்க.

படி 7: முதல் மெஷின்

பிரஸ்ஸோட, அடி வாங்குற பொருள வைக்கிற மேடையா ஒரு டிப்போவும் செய்யணும், அதுக்கு ஒரு கேசிங், ஒரு அலாய். எல்லாம் சேத்து அலாய் அஞ்சு வேணும், ஒரு வாட்டர் வீலுக்கு பலகை எட்டும் ஷாஃப்ட் ஒண்ணும், தண்ணி ஊத்த ஒரு பக்கெட்டும். மொத்த இரும்பு பதினாலு கட்டில முடிஞ்சிடும்.

டிப்போவ தரையில வைங்க. அதுக்கு மேல ஒரு பிளாக் இடம் காலியா விட்டு அதுக்கு மேல பிரஸ். இந்த காலி இடத்த விடாம ஒட்டி வச்சிட்டு பிரஸ் அடிக்கலன்னு தேடுறவங்க நிறைய. பிரஸ்ஸோட பக்கவாட்டுல அச்சு தெரியும், அதுல இருந்து நேர்கோட்டுல ரெண்டு மூணு ஷாஃப்ட், கடைசில அதே உயரத்துல வாட்டர் வீல். சக்கரத்தோட ஒரு பக்கம் மட்டும் தண்ணி மேல இருந்து கீழ இறங்குற மாதிரி பக்கெட்ட ஊத்துங்க. ரெண்டு பக்கமும் ஊத்தினா ஒண்ண ஒண்ணு தடுத்துக்கும்.

சக்கரம் மெதுவா திரும்பும், ஷாஃப்ட் திரும்பும். இப்ப ஒரு இரும்பு கட்டிய கையில வச்சு டிப்போ மேல ரைட் க்ளிக் பண்ணுங்க. பிரஸ் தலை கீழ இறங்கி ஒரு அடி அடிச்சு மேல ஏறும், டிப்போல கட்டி இருந்த இடத்துல தட்டையா ஒரு இரும்பு ஷீட் கிடக்கும். அந்த ஒரு அடி சத்தம் கேட்டதுக்கு அப்புறம் நான் ஆடுற விதமே மாறிப்போச்சு, நிஜமா சொல்றேன்.

இங்க எங்கயாவது சந்தேகம் வந்தா கிரியேட் ஐட்டம் மேல மவுஸ வச்சு டபிள்யூ கீய அமுக்கிப் பிடிங்க, அந்த மெஷின் எப்படி வைக்கணும்னு ஒரு சின்ன அனிமேஷனாவே காட்டும். வீடியோ தேடி அலையறத விட இது எவ்வளவோ மேல்.

படி 8: உடைஞ்சா என்ன பண்றது

கேம் கிராஷ் ஆனா பதறாதீங்க, லாக்ஸ் ஃபோல்டர்ல லேட்டஸ்ட் லாக்னு ஒரு ஃபைல் இருக்கும், திறந்து கடைசி பகுதிய படிங்க. பெரும்பாலும் இந்த மோடுக்கு அந்த மோட் வேணும்னு நேரடியாவே எழுதியிருக்கும். புரியலன்னா கடைசியா போட்ட மோட எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க. மோட ஒவ்வொண்ணா போட்டு டெஸ்ட் பண்றவங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை, மொத்தமா முப்பது மோட் கொட்டினவங்களுக்கு ஒரு ராத்திரி போயிடும்.

ஆனா வேர்ல்ட்ல ஏற்கனவே பொருள் வச்சிருக்குற மோட எடுக்கறதுன்னா அது வேற விஷயம். ஒரு தடவை நான் பெட்டி மோட் ஒண்ண எடுத்துட்டு வேர்ல்ட திறந்துட்டேன், ஒரு செவுரு முழுக்க அடுக்கி வச்சிருந்த பெட்டியும் அதுக்குள்ள இருந்த மூணு வார சேமிப்பும் காத்தா போச்சு, திருப்பி மோட போட்டும் வரல. அந்த வேர்ல்ட என்னால அதுக்கப்புறம் தொடவே முடியல. இன்ஸ்டன்ஸ் ஃபோல்டருக்குள்ள சேவ்ஸ்னு இருக்கும், அதுல உங்க வேர்ல்ட் பேர்ல இருக்குற ஃபோல்டர காப்பி பண்ணி வேற இடத்துல போட அரை நிமிஷம் ஆகும். மோட் போடும்போதும் எடுக்கும்போதும் அப்டேட் பண்ணும்போதும் முதல்ல அது.

கஷ்டத்துக்கே பேர் போன ஆர்எல்கிராஃப்ட் மோட்பேக் எப்ப ஆடலாம், கிரெக்டெக் எப்ப ஆடலாம்னு கேக்குறவங்களுக்கு: முன்னது கையால மரத்த கூட வெட்ட விடாது, தாகம், உடம்பு சூடு, டிராகன்னு ஒவ்வொரு அடியிலயும் கொல்லும், பின்னது ஆயிரக்கணக்கான மணி நேரம் கேக்கும். கிரியேட்ல பெல்ட் போட்டு, செஸ்ட்ல போட்ட இரும்பு தானா ஷீட்டா மாறி இன்னொரு செஸ்ட்டுக்கு போற வரைக்கும் கட்டுங்க. அது ஓடினப்புறம் மெக்கானிசமோ அப்ளைட் எனர்ஜிஸ்டிக்ஸோ, இந்த மாதிரி பெரிய டெக் மோட் ஒண்ணே ஒண்ணு சேருங்க, சேவ்ஸ் ஃபோல்டர காப்பி பண்ணிட்டு.