செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம்: வோல்டேஜ் டிராப் சோதனை

ராணுவ ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலை பழகிய புதிதில், ஒரே மூன்று டன் லாரிக்கு ஒரு மாதத்தில் இரண்டு செல்ஃப் மோட்டார் (இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) மாற்றினேன். கழற்றி அனுப்பிய இரண்டுமே டெஸ்ட் பெஞ்சில் ஜம்மென்று சுற்றின. கோளாறு, பேட்டரி நெகட்டிவை சேஸிஸோடு இணைக்கும் எர்த் கேபிளில் இருந்தது. இன்ஸ்பெக்‌ஷனுக்காக வண்டிக்குப் பச்சை பெயிண்ட் அடித்தபோது, சேஸிஸில் எர்த் லக் (கேபிள் முனையில் உள்ள உலோக வளையம்) உட்காரும் இடத்தையும் விடவில்லை. அந்தப் பெயிண்ட் மேலேயே போல்ட்டை முறுக்கியிருந்தார்கள்.

ஒயர் அறுபடாமல் இருந்தால் மீட்டர் எழுப்பும் பீப் சத்தத்தை நம்பித்தான் ஏமாந்தேன். செல்ஃப் 300 ஆம்பியர் இழுக்கும்போது, வழியில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் போய்விடும்; இப்படி வழியில் தொலைவதுதான் வோல்டேஜ் டிராப். அவ்வளவு சின்னத் தடை பீப்பருக்குத் தெரியாது. என்னைக் கேட்டால், ஸ்டார்ட்டிங் கோளாறில் பீப்பரைத் தொடவே வேண்டாம்.

1. 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரி தொடராக இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளங்கள். ஓய்வில் 12.6 அளவுக்கு இருக்க வேண்டும். குறைந்தால் முதலில் சார்ஜ்.

2. நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. இன்ஜின் ஓடிவிடாமல் ஸ்டாப் கேபிளை இழுத்து வையுங்கள்.

3. இதில்தான் நான் சறுக்கினேன். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் போஸ்ட்டில் வையுங்கள். கிளாம்ப்பில் இல்லை, நடுவில் தெரியும் ஈயக் குமிழில். கிளாம்ப்பில் வைத்தால் போஸ்ட்டுக்கும் கிளாம்ப்புக்கும் இடையே உள்ள கோளாறு கணக்கிலேயே வராது. சிவப்பு முனை செல்ஃப் மோட்டாரின் உடம்பில், பெயிண்ட் இல்லாத இடத்தில். உதவிக்கு ஒருவரை விட்டு ஐந்து விநாடி கிராங்க் பண்ணச் சொல்லி (செல்ஃப் போட்டு இன்ஜினைச் சுற்றச் சொல்லி), அந்த நேரத்தில் எண்ணைப் பாருங்கள்.

அரை வோல்ட்டைத் தாண்டினால் நான் கழற்றிப் பார்ப்பேன். வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. என் லாரியில் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

4. எண் அதிகமா? சிவப்பு முனையை சேஸிஸ், இன்ஜின் பிளாக் என்று ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். எங்கே எண் குதிக்கிறதோ அந்த இடம்தான். பாசிட்டிவ் பக்கமும் இப்படியே: பேட்டரி பாசிட்டிவ் போஸ்ட்டிலிருந்து செல்ஃப்பின் பெரிய டெர்மினல் வரை.

5. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, லக் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று வரும்வரை தேய்த்து, முறுக்கி, அப்புறம் மேலே வாசலின். பெயிண்ட் அடிப்பதானால் கடைசியில், போல்ட்டுக்கு மேல்.

மீட்டரில் மின்/மேக்ஸ் (மிகக் குறைந்த, மிக அதிக எண்ணைப் பிடித்து வைக்கும்) வசதியும் முதலைக் கிளிப்பும் இருந்தால் போதும், விலை உயர்ந்தது வேண்டாம். சரிசெய்வதற்கு முன், பின் வந்த இரண்டு எண்களையும் ஜாப் கார்டில் எழுதுங்கள். அடுத்த ஷிப்ட்காரர் அதே மோட்டாரை மறுபடி கழற்ற மாட்டார்.

சேர்ப்பு: "எனக்கு எல்லா இடத்திலும் பூஜ்யம்தான் வருகிறது" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கிராங்க் பண்ணாமல் அளந்திருக்கிறீர்கள். கரண்ட் ஓடவில்லை என்றால் டிராப்பும் இல்லை. மைனஸ் குறி வந்தால் பயப்படாதீர்கள், முனைகள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.