சைக்கிளைச் சைக்கிள் முந்தும்போது: லண்டன் தடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 ஜனவரி 29 அன்று பிரிட்டனின் சாலை விதித்தொகுப்பு திருத்தப்பட்டது. மணிக்கு 30 மைல் வேகம் வரை செல்லும் வாகனம் ஒரு சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் விலகிச் செல்ல வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. சைக்கிளில் வேலைக்குப் போகும் நாங்கள் எல்லோரும் அதை மகிழ்ச்சியோடு வரவேற்றோம். அதே நாங்கள் காலை எட்டரை மணிக்குத் தேம்ஸ் கரையோரத் தடத்தில் இன்னொரு சைக்கிளை ஒரு சாண் இடைவெளியில் உரசுவதுபோல் கடந்து போகிறோம். கார்க்காரரிடம் கேட்ட மரியாதையைப் பக்கத்தில் ஓட்டுபவருக்குக் கொடுக்காமல் இருப்பது எனக்குப் பெரும் குறையாகப் படுகிறது.

இதில் அடிபடும் அபாயம் மட்டும் இல்லை. வேலைக்குச் சைக்கிளில் போகலாம் என்று முதல் வாரம் இறங்கியிருக்கும் ஒருவருக்கு, லாரி கடந்து போவது தரும் அச்சமும் எதிர்பாராமல் தோளருகே ஒரு சைக்கிள் பாய்ந்து வருவது தரும் அச்சமும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாவது வாரம் அவர் ரயிலுக்குத் திரும்பிவிட்டால் அதில் நமக்கும் பங்கு உண்டு.

முந்துவதில் இருவர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். ஆனால் அது நடக்கப்போகிறது என்பது பின்னால் வருபவருக்கு மட்டுமே தெரியும். முன்னால் போகிறவருக்கு முதுகில் கண் இல்லை. சைக்கிளில் பெரும்பாலும் கண்ணாடியும் இல்லை. ஆகவே எப்போது முந்துவது, எவ்வளவு விலகுவது, எப்போது காத்திருப்பது என்ற பொறுப்பு முழுவதும் முந்துபவருடையது. கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் இந்த ஒன்றை மறப்பதால் வருபவை.

இடப்பக்கமாக நுழைவது

பிரிட்டனில் போக்குவரத்து நம் ஊரைப் போலவே இடப்பக்கம். முந்துவது வலப்பக்கம். நெரிசலில் நிற்கும் கார்களை இரு பக்கமாகவும் கடந்து பழகிய கால்கள், சைக்கிள் விஷயத்திலும் கிடைத்த இடுக்கில் நுழையப் பார்க்கின்றன. சைக்கிள்காரருக்கு இடப்பக்கம் என்பது அவருடைய தப்பிக்கும் இடம். பின்னால் சத்தம் கேட்டால், பேருந்து நெருங்கினால், குழி தெரிந்தால், இடப்பக்கத் தெருவுக்குள் திரும்ப வேண்டுமென்றால் அவர் அந்தப் பக்கம்தான் சாய்வார். அங்கே நீங்கள் வந்து நிற்பீர்கள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். நடைபாதை விளிம்புக்கும் அவருக்கும் நடுவில் சிக்கினால் விலகிப்போக உங்களுக்கும் இடம் இல்லை. அவர் தடத்தின் வலது ஓரமாகவே ஓட்டிக்கொண்டிருந்தாலும் மணி அடித்துவிட்டுக் காத்திருங்கள். அவர் இடம் விட்ட பிறகு வலப்பக்கமாகப் போங்கள்.

முன்னால் இருப்பவர் பார்ப்பதைப் பார்க்காமல் இருப்பது

இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது; இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதும் இல்லை. மெர்டனிலிருந்து டூட்டிங், பாலம் (Balham), ஸ்டாக்வெல் வழியாக நகர மையத்துக்குப் போகும் 7-ஆம் எண் சைக்கிள் பெருவழி 2010 ஜூலையில் திறக்கப்பட்டது. லண்டனில் அப்படித் திறந்த முதல் இரண்டு வழிகளில் அது ஒன்று. டூட்டிங்கில் தமிழ்க் கடைகள் இருக்கும் கடைத்தெருவை ஒட்டியே அது போகிறது. அந்தப் பகுதியில் பல இடங்களில் தடம் என்பது தரையில் பூசிய நீல வண்ணம்தான். காய்கறி இறக்கும் வேன் அதன்மேலேயே நிற்கும். அதை நோக்கிப் போகும் சைக்கிள்காரர் என்ன செய்வார்? வலப்பக்கம் விலகுவார். அதற்கு முந்தைய நொடியில் அவரை முந்தத் தொடங்குகிறவர், அவர் விலக வேண்டிய இடத்தை அடைத்துவிடுகிறார். ஒன்று அவர் பிரேக்கை இறுக்க வேண்டும், இல்லை உங்கள்மேல் மோத வேண்டும்.

நிறுத்திய கார்களைக் கடக்கும்போது கதவு திறக்கக்கூடும் என்பதற்காக ஒரு மீட்டர் தள்ளி ஓட்டச் சொல்கிறது அதே விதித்தொகுப்பு. அப்படி விலகி ஓட்டுபவரைப் பார்த்து, 'வழியை மறிக்கிறார்' என்று எரிச்சலடைந்து அவருக்கும் கார் கதவுக்கும் இடையே புகுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு நெஞ்சு பதறும். வேன், குழி, சாக்கடை மூடி, தேங்கிய மழைநீர், தள்ளாடி நடப்பவர் என்று முன்னால் இருப்பவருக்கு எது தடையாகப் போகிறதோ அதை நீங்களும் தேடுங்கள். அவர் தோளைத் திருப்பிப் பார்த்தால், பெடல் மிதிப்பதை நிறுத்தினால், ஏதோ செய்யப் போகிறார் என்று பொருள். அந்தத் தடை தாண்டும்வரை பின்னாலேயே இருங்கள். இழப்பது சில நொடிகள்தான்.

கணக்குப் போடாமல் எதிர்த்தடத்தில் இறங்குவது

டவர் ஹில்லிலிருந்து நாடாளுமன்றச் சதுக்கம் நோக்கி ஆற்றோரமாகப் போகும் தடம் 2016-இல் திறக்கப்பட்டது. இரு திசையும் ஒரே தடத்தில். முந்த வேண்டுமென்றால் எதிரே வருபவர்களின் பாதியில்தான் ஏற வேண்டும். இங்கே பலருக்கும் பிடிபடாதது வேக வித்தியாசம்.

முன்னால் போகிறவர் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார், நீங்கள் 20. அவருடைய பின்சக்கரத்துக்கு இரண்டு மீட்டர் பின்னாலிருந்து கிளம்பி, அவருக்கு மூன்று மீட்டர் முன்னால் திரும்பச் சேர வேண்டும். இரண்டு சைக்கிள்களின் நீளத்தையும் சேர்த்தால் அவரைவிட ஏறக்குறைய 9 மீட்டர் அதிகம் போக வேண்டும். 2 கிலோமீட்டர் வித்தியாசத்தில் அதற்குச் சுமார் 16 நொடி ஆகும். அந்த நேரத்தில் நீங்கள் ஏறக்குறைய 90 மீட்டர் எதிர்த்தடத்தில் ஓட்டியிருப்பீர்கள். எதிரே ஒருவர் 20 வேகத்தில் வந்தால் அவரும் 90 மீட்டர் வந்திருப்பார். ஆக, 180 மீட்டர் காலியாக இருந்தால்தான் அது பாதுகாப்பான முயற்சி. காலை நெரிசலில் அப்படி ஒரு வெளி கிடைக்காது. இதையே 24 வேகத்தில் செய்தால் ஐந்து, ஆறு நொடியில், 40 மீட்டருக்குள் வேலை முடிந்துவிடும்.

அதனால் வேக வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்படி இல்லையென்றால் முந்தவே வேண்டாம். சற்று இடைவெளி விட்டு அவர் பின்னாலேயே போனால் அலுவலகத்துக்கு அரை நிமிடம்கூடத் தாமதமாகாது. மெல்ல மெல்ல ஊர்ந்து ஒருவரின் பக்கத்திலேயே நீண்ட நேரம் ஓட்டுவது அவருக்கும் வேதனை. குளிர்காலத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஊர் இது. எதிரே வரும் ஒற்றை விளக்கை மட்டும் வைத்துத் தொலைவையும் வேகத்தையும் மதிப்பிடுவது கடினம்.

தடத்தின் அகலமும் கணக்கில் வர வேண்டும். அரசு 2020-இல் வெளியிட்ட வடிவமைப்பு வழிகாட்டி, ஒருவழித் தடம் குறைந்தது 2 மீட்டர் இருப்பது நல்லது என்கிறது. இடம் இல்லாத இடங்களில் 1.5 மீட்டர் வரை குறைக்கலாம் என்கிறது. ஓடும் சைக்கிளுக்கு அசைவையும் சேர்த்து ஒரு மீட்டர் வேண்டும். 1.5 மீட்டர் தடத்தில் இரண்டு பேர் எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் போவது? அங்கே முந்த இடமே இல்லை. பேருந்து நிறுத்தங்களுக்குப் பின்புறமாகத் தடம் வளைந்து போகும் இடங்களும் அப்படித்தான். தடத்தைக் கடந்து பேருந்துக்குப் போகிறவர்கள் வருவார்கள். கண் தெரியாதவர்களும் அவர்களில் இருப்பார்கள். அங்கே முந்துவதை எந்தக் காரணத்தாலும் ஏற்க முடியாது.

பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொள்வது

முந்துவதற்காக நெருங்கிப் போய், இடம் இல்லாமல் அப்படியே அவர் பின்சக்கரத்தின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருப்பது. சைக்கிள் நிமிர்ந்து நிற்பதே முன்சக்கரம் இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திரும்பிச் சாய்வைச் சரிசெய்துகொண்டே இருப்பதால்தான். முன்னால் இருப்பவர் சற்று விலகி அவர் பின்சக்கரம் உங்கள் முன்சக்கரத்தில் உரசினால், அந்தத் திருத்தம் செய்ய முடியாமல் போய்விடும். அவர் பெரும்பாலும் தடுமாறாமல் போய்விடுவார், விழுவது நீங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர் உங்கள்மேல் விழுவார்.

மணியை அதட்டலாக்குவது

இங்கே புதுச் சைக்கிள் மணியோடுதான் விற்கப்பட வேண்டும். வாங்கியவர் அதைக் கழற்றிவிட்டால் சட்டம் கேட்காது. கழற்றியவர்கள் நிறைய. மணி வைத்திருப்பவர்களில் பலர் அதைத் தவறான நேரத்தில் அடிக்கிறார்கள். தோளுக்கு அருகில் வந்த பிறகு அடிக்கும் மணி எச்சரிக்கை ஆகாது, திடுக்கிடத்தான் வைக்கும். திடுக்கிட்டவர் திரும்பிப் பார்ப்பார்; பார்க்கும் பக்கமே கைப்பிடியும் திரும்பும். நான்கைந்து சைக்கிள் நீளத்துக்கு முன்பே ஒரே ஒரு முறை அடியுங்கள். அவர் நேராக ஓட்டிக்கொண்டு, வலப்பக்கம் தாராளமாக இடமும் இருந்தால் அடிக்காமலே போகலாம்.

குரல் கொடுப்பதும் நல்லதுதான். ஆனால் 'வலப்பக்கம்!' என்று ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாகக் கூவினால், அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு வலப்பக்கமே நகர்கிறவர்கள் உண்டு. 'வலப்பக்கமாக உங்களைக் கடக்கிறேன்' என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். காதில் இயர்போன் மாட்டி ஓட்டுபவருக்கும், காது கேளாதவருக்கும் அதுவும் கேட்காது. மணி அடித்துவிட்டோம், இனி அவர் பாடு என்று நினைக்கக் கூடாது.

சிக்னலில் வரிசையைத் தாண்டி முன்னால் போய் நிற்பது

இதைப் பற்றிப் பேசினாலே எனக்குக் கோபம் வரும். சிவப்பு விளக்கில் ஐந்தாறு பேர் வரிசையாக நிற்கிறார்கள். இருபது வினாடி முன்புதான் அவர்கள் முயன்று ஒருவரைக் கடந்து வந்தார்கள். கடக்கப்பட்டவர் மெதுவாக வந்து, நிற்காமல் எல்லோரையும் தாண்டி, வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் போய் நிற்கிறார். பச்சை விழுந்ததும் கடினமான கியரில் தள்ளாடிக் கிளம்புகிறார். பின்னால் இருந்த அத்தனை பேரும் அவரை மறுபடியும் முந்த வேண்டும். ஒரே ஆளை ஒரே பயணத்தில் மூன்று சிக்னலில் மூன்று முறை முந்துவதென்றால், ஆபத்தும் மூன்று மடங்காகிறது. அதுவும் பேருந்துகளும் கிளம்பும் சந்திப்பின் நடுவே.

வந்த வரிசையில் நில்லுங்கள். இங்கே மெதுவாக ஓட்டுபவர்களை நான் குறை சொல்லவில்லை. மெதுவாக ஓட்ட அவர்களுக்கு முழு உரிமை உண்டு. வேகமாக ஓட்டுபவர்களும் இதே தவறைச் செய்கிறார்கள். முன்னால் இருக்கும் அனைவரையும்விடத் தாங்கள்தான் வேகம் என்று பார்க்காமலே முடிவுசெய்து முன்னால் போய்விடுகிறார்கள்.

மின்சார உதவியுள்ள வாடகை சைக்கிள்கள் பெருகிய பிறகு இது இன்னும் சிக்கலாகிவிட்டது. சட்டப்படி அவற்றின் மோட்டார் 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நின்றுவிடும். பச்சை விழுந்ததும் முதல் சில மீட்டரில் அவை எல்லோரையும் முந்திப் பாய்கின்றன. நூறு மீட்டர் தாண்டினால், நன்றாக மிதிக்கும் ஒருவர் அவற்றை மறுபடியும் பிடித்துவிடுகிறார். இப்படி மாறி மாறி முந்துவதால் இருவரில் யாருக்கும் பயனில்லை. மோட்டார் இல்லாத நகர வாடகை சைக்கிளோ 20 கிலோவுக்கு மேல் கனம். அதில் இருப்பவர் கிளம்ப நேரம் எடுக்கும். பின்னால் நின்று பல்லைக் கடிப்பதில் அர்த்தம் இல்லை.

முந்துபவரை முந்துவது

வலப்பக்கம் விலகும் முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்காதவர்கள் மிகப் பலர். நீங்கள் ஒருவரை முந்த நினைக்கும் அதே நொடியில் உங்களையும் ஒருவர் முந்திக்கொண்டிருக்கலாம். பார்த்து, யாரும் இல்லையென்றால் மட்டும் விலகுங்கள். மூன்று பேர் பக்கம் பக்கமாகப் போகும் நிலை எந்தத் தடத்திலும் வரக் கூடாது.

முந்திய பிறகு உடனே அவர் சக்கரத்துக்கு முன்னால் வெட்டிச் சேர்வதும், சேர்ந்த பின் மூச்சு வாங்க வேகத்தைக் குறைப்பதும் அடுத்த தவறுகள். அவர் பிரேக் பிடிக்கும்படி ஆனால் நீங்கள் முந்தியது சரியாக முடியவில்லை என்று கொள்ளுங்கள். முன்பக்கப் பெட்டியில் குழந்தைகளை வைத்து ஓட்டும் சரக்கு சைக்கிள்கள் இரண்டரை மீட்டர் அளவுக்கு நீளம் உடையவை. அவற்றைக் கடக்கும்போது வழக்கத்தைவிட அதிகம் போன பிறகே திரும்பச் சேர வேண்டும். குழந்தையே தனியாக ஓட்டிக்கொண்டு போனால், எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவும் விடுங்கள். அவர்கள் நேர்க்கோட்டில் போவார்கள் என்று எதிர்பார்க்கவே கூடாது.

முந்தப்படும்போது

உங்கள் கடமை ஒன்றுதான்: நேராக, அதே வேகத்தில் போவது. அவசரமாக ஓரம் ஒதுங்கிச் சாக்கடை மூடிமேல் ஏற வேண்டாம். கையை ஆட்டி 'போ, போ' என்று வழிகாட்டவும் வேண்டாம். எதிரே வருவது அவருக்குத் தெரிகிறதா என்பது உங்களுக்குத் தெரியாது. யாரோ முந்துகிறார் என்றதும் வேகம் கூட்டுபவர்கள் அவரை எதிர்த்தடத்திலேயே மாட்டிவிடுகிறார்கள். ஒரு பெண் முந்திவிட்டால் அடுத்த சிக்னலுக்குள் அவரைத் திரும்ப முந்தியே ஆக வேண்டும் என்று வியர்வை சொட்ட மிதிக்கும் ஆண்களை இங்கே தினமும் காணலாம். அந்தப் பெண் வேலைக்குப் போகிறார். யாரோடும் பந்தயம் கட்டவில்லை.

முந்திச் சென்றவரின் பின்சக்கரத்தை ஒட்டி, காற்று மறைப்பில் மிதிப்பதும் அப்படியே. அறியாத ஒருவர் முதுகுக்குப் பின்னால் அரை மீட்டரில் தொடர்வது அவருக்குப் பிடிக்காது. அவர் திடீரென்று நின்றால் உங்களால் நிற்கவும் முடியாது. ஈரத் தரையில், முன்னால் போகிறவரிடமிருந்து வழக்கமாக விடும் இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள். பிரேக் கட்டை சக்கர வளையத்தைப் பிடிக்கும் பழைய வகை சைக்கிள் என்றால் இன்னும் கூடுதலாக விடுங்கள்; மழையில் அது முதலில் வழுக்கி, நீர் வழிந்த பிறகே பிடிக்கும்.